கலேவி ஒட்சோலாவின் விதவை

"ஏய் கெர்த்து, நீ செத்துட்டியாம்டி," என்றாள் லெம்பி.

ஃபின்லாந்தில், எங்கள் ஊரான தாம்பெரேயின் சந்தைக் கட்டடத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். என் வாயில் கறுப்பு சாசேஜ். லெம்பியின் கையில் செய்தித்தாள்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"எழுபத்தொம்பதுல. லாப்லாந்துல. பனியில வெறச்சுப் போய்."

"நான் லாப்லாந்துக்கே போனதில்லியே."

"அது மட்டுமில்ல. நீ ஆம்பளயாம்."

சாசேஜை விழுங்கிவிட்டுப் பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். 'தேசத்தின் துயரம் முழுவதையும் ஒரே தொண்டையில் அடக்கிய மேதை கலேவி ஒட்சோலா' என்று தலைப்பு. அதற்குக் கீழே எங்கள் பழைய இசைத்தட்டின் அட்டைப் படம். படகுத்துறையில் மழைக் கோட்டு போட்டுக்கொண்டு மூன்று பேர் ஏரியைப் பார்த்து நிற்கிறார்கள். மூன்று முதுகு. நடுவில் இருக்கும் உயரமான முதுகைச் சுற்றி வட்டம் போட்டு 'கலேவி' என்று எழுதியிருந்தது. அது என் முதுகு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழுப் பெயர் கெர்த்து ஒட்சோலா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஊரில் நடுவயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக் கிளட்சை விடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மீதிப் பாதிப் பேர் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைத் தெருவில் இறங்கிப் பார்த்தால் தெரியும்.

இளம் வயதில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நடன இசைத்தட்டு போட்டோம். நான் பாட்டு, லெம்பி அக்கார்டியன், தௌனோ என்பவன் டிரம்ஸ். தௌனோ பிறகு ஸ்வீடனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே காலமானான். தட்டின் பெயர் 'ஏரிக்கரை ஆட்டம்'. அட்டையில் பாடியவர் பெயரை 'கே. ஒட்சோலா' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எல்லாமே துள்ளிக் குதித்து ஆடும் யென்க்கா பாட்டுகள். ஒருவர் தோளில் ஒருவர் கையை வைத்து வரிசையாக நின்று, காலை உதறிக் குதித்துக்கொண்டே போக வேண்டும். 'என் படகில் ஓட்டை' என்று ஒரு பாட்டு. 'மாமியாரின் சைக்கிள்' என்று இன்னொன்று. இதற்கு மேல் ஆழம் எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்லுவேன், ஏனென்றால் அவற்றை எழுதியதும் நான்தான்.

பாட்டுகள் சின்னவை என்பதால் தட்டை நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் ஓடும்படி வெட்டினார்கள். ஆனால் நடுவில் ஒட்டும் லேபிளில் அச்சகத்துக்காரர் முப்பத்துமூன்று என்று அடித்துவிட்டார். வாங்கின வீடுகளில் எல்லாம் லேபிளை நம்பி முப்பத்துமூன்றில் போட்டார்கள். என் குரல் காளைமாட்டின் குரலாகிவிட்டது. துள்ளல் எல்லாம் சவப்பெட்டியை மாடிப்படியில் தூக்கிப் போகிற நடையாகிவிட்டது. நடனக் கொட்டகையில் போட்டபோது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வானொலியில் ஒரே ஒரு தடவை போட்டார்கள், அதுவும் புனித வெள்ளி அன்று. லேபிளை மாற்றச் சொல்லிக் கெஞ்சினோம். "அந்தச் செலவுக்கு அடுத்த தட்டே போட்டுடலாமே," என்றார் கம்பெனி முதலாளி. அடுத்த தட்டும் போடவில்லை, கம்பெனியை மூடிவிட்டார்.

என்னிடம் மிச்சமிருந்த ஒரே பிரதியை என் முன்னாள் கணவர் எஸ்கோ மீன் புகையூட்டும் டப்பாவுக்கு மூடியாக வைத்து உருக்கிவிட்டார். எங்கள் விவாகரத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை.

ஆக, ஆடுவதற்கென்றே செய்த அந்தத் தட்டுக்கு இந்த உலகத்தில் ஒரு ஆள்கூட ஆடியதில்லை. வெளியே சொல்லிக்கொண்டதில்லையே தவிர, அது எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. இப்போது ஹெல்சின்கியில் 'மறக்கப்பட்ட இசைத்தட்டுகளின் அரசு மீட்பு நிலையம்' என்று ஒன்று, அதைத் தேடி எடுத்து, புது வினைல் தட்டாக மறுபடி வெளியிடுகிறதாம். அதே முப்பத்துமூன்று வேகத்தில், செத்துப்போன ஒரு ஆம்பிளையின் பெயரில்.

"விடுடி. கலேவி நல்ல பேருதானே?" என்றாள் லெம்பி.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அது சரியான வேகத்துல ஓடணும். யாராவது ஒருத்தர் எழுந்து ஆடணும். அதப் பாக்காம நான் சாக மாட்டேன்."

"ஏற்கெனவே செத்துட்டியே," என்றாள் லெம்பி.

அடுத்த ரயிலைப் பிடித்து ஹெல்சின்கி போனேன்.

மீட்பு நிலையத்தில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது காப்பி இல்லாததுதான். ஃபின்லாந்தில் ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்து காப்பி கொடுக்கப்படாமல் நின்றது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. வருமானவரி ஆபீசில்கூடக் கொடுப்பார்கள். இங்கே கோப்பைச் சத்தம் தட்டுகளின் மௌனத்தைக் கெடுக்குமாம். செருப்பைக் கழற்றச் சொல்லி, கையில் வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டு, ஒரு நீளமான அறைக்குள் கூட்டிப் போனார்கள்.

அங்கே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இயக்குநர் டாக்டர் யல்மாரி. அவருக்கு வலதுபக்கம் மர்யுக்கா என்ற அம்மாள், உண்மைத்தன்மைப் பிரிவின் தலைவி. இடதுபக்கம் ஓஸ்மோ என்ற ஒல்லி மனிதர், கரகரப்புப் பிரிவு.

"நான் உயிரோட இருக்கேன்," என்றேன்.

யல்மாரி முகத்தில் பெரிய வருத்தம் தெரிந்தது.

"அது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம்தான் கெர்த்து," என்றார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தட்டு எவ்வளவு பேருக்குத் தெரியாதோ அவ்வளவு மகத்தானது. இதுதான் எங்க கொள்கை. 'ஏரிக்கரை ஆட்டம்' ஒருத்தருக்குமே தெரியாத தட்டு. மறதியில முழு மதிப்பெண். பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு கெடச்சதில்ல. இப்ப நீங்க வந்து எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொன்னா, மதிப்பெண் கொறையுது."

"பாடினவளுக்கு ஞாபகம் இருக்காதா?"

"இருக்கக் கூடாதுன்னு சொல்லல. வெளிய காட்டிக்காம இருக்கலாமேன்னுதான் சொல்றேன். இங்க நாப்பது பேர் வேல பாக்கறோம். எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வர ஆரம்பிச்சா எங்க குடும்பமெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

நான் யோசித்துப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

"சரி, எத்தன தட்டு போடறீங்க?" என்று கேட்டேன்.

"முந்நூறு. அதுக்கு மேல போட்டா நெறைய பேர் கேட்டுடுவாங்க."

"கேக்கறதுக்குத்தானே தட்டு?"

அந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பொம்பிளை என்று பொறுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"வாங்கறவங்க யாரும் மேல இருக்கற பிளாஸ்டிக் உறையப் பிரிக்கறதில்ல," என்றார் மர்யுக்கா பொறுமையாக. "பிரிச்சா மதிப்பு போயிடும். ரொம்ப ரசனை உள்ளவங்க ரெண்டா வாங்குவாங்க."

"ஒண்ணு வச்சுக்க, ஒண்ணு கேக்கவா?"

"ஒண்ணு பிரிக்காம வச்சுக்க. அது தொலஞ்சு போச்சுன்னா, இன்னொண்ணு பிரிக்காம வச்சுக்க."

என் அடையாளத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அடையாள அட்டையை நீட்டினேன். அதை மர்யுக்கா தொடவே இல்லை. என்னை எழுந்து நின்று முதுகைக் காட்டச் சொன்னார். அட்டைப் படத்தை என் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார்.

"ஒத்துமை இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா படத்துல இருக்கற முதுகு ரொம்பத் தனிமையா இருக்கு. உங்க முதுகுல அது இல்ல."

"அன்னிக்கு மழை. சீக்கிரம் படம் எடுத்து முடிடான்னு நின்னுட்டிருந்தேன்."

"தனிமைங்கறது அதான்," என்றார் யல்மாரி.

பிறகு பாடச் சொன்னார்கள். 'என் படகில் ஓட்டை' முதல் இரண்டு வரியைப் பாடினேன். எனக்கு வயதானாலும் குரல் அப்படியே இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் தினமும் கத்திக் கத்திக் குரலைப் பழக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பாடி முடித்ததும் ஓஸ்மோ அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"கலேவியோட குரல் இதவிட ரொம்பக் கீழ."

"அது வேகம் தப்புங்க! நாப்பத்தஞ்சுல போடுங்க, நான் யாருன்னு தெரிஞ்சுடும்."

ஓஸ்மோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"லேபிள்ல முப்பத்துமூணுன்னு போட்டிருக்கு," என்றார் நடுங்கும் குரலில்.

"அது அச்சுப் பிழை!"

"மூலத்த நாங்க திருத்தறதில்லீங்க. ஒவ்வொரு கரகரப்பையும் கையால எண்ணெய் தேச்சுக் காப்பாத்தி வச்சிருக்கேன். மூணாவது பாட்டுல ஒரு எடத்துல யாரோ சுருட்டுச் சாம்பல தட்டியிருக்காங்க. அந்தச் சாம்பலோட வலி இப்பவும் கேக்குது. நீங்க வேகத்த மாத்துங்கறீங்க!"

சுவரோரம் பிளேயர் இருந்தது. அதன் வேக விசை நாற்பத்தைந்துக்குப் போகாதபடி பழுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். அதில் முப்பத்துமூன்று மட்டுமே தெரிந்தது. கார் ஓட்ட வருகிற சில ஆண்கள் இரண்டாவது கியருக்கு மேல் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். அவர்கள் ஞாபகம் வந்தது.

எனக்குப் புரியவைக்க வேண்டும் என்று யல்மாரி எழுந்து போய்க் கடைசிப் பாட்டின் முடிவைப் போட்டுக் காட்டினார். முப்பத்துமூன்றில். "ஹூஉஉ... ஹூஉஉ... ஹூஉஉ..." என்று ஒரு சத்தம். மூவரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுக்குப் பேரு 'ஒட்சோலா விம்மல்'," என்றார் யல்மாரி. "நம்ம நாட்டு இசையில இதுக்கு இணையா இன்னொரு அழுகை இல்ல. துர்க்கு பல்கலைக்கழகத்துல ஒருத்தர் இத மட்டும் வச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கார்."

"அது சிரிப்புங்க," என்றேன். "பதிவு பண்ணும்போது லெம்பி நாற்காலியோட பின்னால சாஞ்சு விழுந்துட்டா. அக்கார்டியன் அவ மூஞ்சி மேல. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

"சிரிப்புக்கு அடியில இருக்கற உண்மைதான் விம்மல்," என்றார் அவர்.

"அடியில ஒண்ணும் இல்லீங்க. லெம்பிதான் இருந்தா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சோகத்தில் இல்லை, கோபத்தில். சொந்தக் குரலை எதிரே போட்டுக் காட்டி, இது உன்னுடையது இல்லை என்று மூன்று பேர் மரியாதையாகச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனால் என் கண்ணீரைப் பார்த்ததும் மர்யுக்காவின் முகம் மாறியது. தலையைச் சாய்த்துச் சாய்த்து என்னைப் பார்த்தார். யல்மாரியின் காதில் ஏதோ சொன்னார். அவரும் என்னைப் பார்த்தார்.

"கெர்த்து, ஒரு யோசனை," என்றார் மர்யுக்கா. "கலேவியோட விதவையா இருக்க உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?"

"யாரோட?"

"வெளியீட்டு விழாவுல விதவைக்குன்னு ஒரு நாற்காலி எப்பவும் உண்டு. இந்தத் தடவ ஆளே கெடைக்கல. உங்க பேரும் ஒட்சோலா, நல்லா அழறீங்க. போன விழாவுல ஒரு விதவை வந்தாங்க, எல்லாருக்கும் அவ்வளவு பிடிச்சுப் போச்சு."

எழுந்து வெளியே போய்விடலாம் என்று கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன். அப்போது யல்மாரி சொன்னார்: "பெரிய வேலை ஒண்ணும் இல்ல. விதவைதான் தட்டுல ஊசிய வைக்கணும். அது எங்க மரபு. அந்த நேரத்துல பிளேயர் பக்கத்துல வேற யாரும் வரக்கூடாது."

நான் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இப்பதான் என் வீட்டுக்காரர் ஞாபகம் பொங்கிப் பொங்கி வருது," என்றேன்.

"ரொம்ப வர வேணாம்," என்றார் மர்யுக்கா அவசரமாக. "கொஞ்சம் வந்தாப் போதும். மதிப்பெண் பிரச்சினை இருக்கு."

ஊருக்குத் திரும்பி லெம்பியிடம் சொன்னேன். அவளுக்குக் காப்பி புரையேறி, மேசை முழுக்கத் துப்பினாள்.

"ஒன்ன நீயே கட்டிக்கிட்டு, ஒன்ன நீயே பறிகொடுத்துட்டியா? பரவால்ல போ, அந்த எஸ்கோவக் கட்டினதுக்கு இது எவ்வளவோ தேவல."

"விழாவுக்கு நீயும் வரணும். யாராவது மொதல்ல எழுந்து ஆடணுமில்ல?"

"அந்த டேப்ப எப்படிப் பிரிப்ப? கையில கையுறை போட்டு விடுவானுங்களே."

"கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை போட்டுக்கறேன்."

"படகுலதான் ஓட்டை போட்டேன்னு பாத்தா," என்று சொல்லி மறுபடி துப்பினாள்.

விழாவுக்கு முந்தின வாரம் விதவைப் பயிற்சி நடந்தது. ஒரு மத்தியானம் முழுக்க மர்யுக்கா எனக்குத் தொலைவைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். நான் எத்தனையோ வருடம் ஜனங்களைப் பின்கண்ணாடியைப் பார், பின்கண்ணாடியைப் பார் என்று கத்திச் சம்பாதித்தவள். எனக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி, அதற்குப் பின்னால் பனி பெய்கிறது, அதில் கணவர் நடந்து போகிறார், கூப்பிடாதே என்றார். கூப்பிடாமல் இருப்பது கஷ்டமாகவே இல்லை. கண்ணீர் மட்டும் வரவில்லை. எஸ்கோவை நினைத்துப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

"பரவாயில்ல, வறண்ட துக்கமும் நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லித் தேறிவிட்டதாக அறிவித்தார் மர்யுக்கா.

விழா ஹெல்சின்கியில், பழைய மின்நிலையக் கூடத்தில். முந்நூறு தட்டையும் முன்பதிவு செய்திருந்தவர்கள் வந்திருந்தார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஆண்கள். ஒவ்வொருவர் மடியிலும் பிளாஸ்டிக் உறைக்குள் என் முதுகு. அறிவிப்புப் பலகையில் விதிமுறை எழுதியிருந்தது: உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், கண்ணை மூடிக்கொள்வது நல்லது, காலை ஆட்டுவது நாகரிகமல்ல. எனக்குக் கறுப்பு வலைத்துணியால் முக்காடு போட்டு முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். கடைசி வரிசையில் லெம்பி வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள்மீதும் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள்.

முதலில் கலாச்சார அமைச்சகத்துச் செயலர் பேசினார்.

"நான் இந்தத் தட்டைக் கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை. ஒரு மாபெரும் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை என்னால் செய்ய முடியாது," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்து யல்மாரி. "நண்பர்களே, மறந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இந்த மனிதனை அன்றைக்கே கொண்டாடியிருந்தால் இன்றைக்கு எங்களுக்கு வேலை இருந்திருக்காது. இன்னும் நிறையக் கலைஞர்கள் இன்றைக்கும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களை யாரும் கவனிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களை எதிர்காலத்துக்காகச் சேமித்து வைப்போம்."

அதன் பிறகு உறையைப் பிரிக்கும் சடங்கு. ஓஸ்மோ அறுவை சிகிச்சைக் கத்தியோடு வந்தார். முந்நூறில் அந்த ஒரே ஒரு பிரதிதான் பிரிக்கப்படப் போகிறது. பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டதும் இரண்டாவது வரிசையில் ஒருவர் "ஐயோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார்கள்.

"விதவை ஊசியை வைப்பார்," என்று மர்யுக்கா அறிவித்தார்.

நான் எழுந்து போனேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிளேயர் அதேதான், டேப்பும் அதேதான். கையுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரலை வெளியே விட்டு நகத்தால் நெருடினேன். வரவில்லை. அரசு டேப். பின்னால் யாரோ இருமினார்கள். இன்னொரு தடவை நெருடினேன். ஓரம் கிளம்பியது. ஒரே இழுப்பு. இழுத்த சத்தத்துக்கு யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அதுவும் தட்டில் இருக்கிற ஏதோ ஒரு கரகரப்பு என்று ரசித்தார்கள். விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளி, ஊசியை இறக்கினேன்.

லெம்பியின் அக்கார்டியன் கூடத்துக்குள் குதித்தது. அதன் பின்னாலேயே நான் குதித்தேன், இருபத்துச் சொச்சம் வயதில், என் சொந்தக் குரலில், படகில் ஓட்டை இருக்குது அத்தானே, நீ தண்ணிய அள்ளி ஊத்து, நான் முத்தம் தர்றேன் என்று.

முந்நூறு பேரும் கண்ணைத் திறந்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விதிமுறைப் பலகையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு கறுப்பு ஸ்வெட்டர்காரரின் முழங்கால் தானாகத் துள்ள ஆரம்பித்தது. அவர் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மற்ற முழங்கால் கிளம்பியது.

லெம்பி கைக்குட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக ஓஸ்மோவிடம் வந்தாள்.

"எழுந்திரு."

"எனக்கு ஆடத் தெரியாது."

"தெரியுமான்னு யாரு கேட்டா? எழுந்திருய்யா!"

அவர் எழுந்தார். லெம்பியின் தோளில் கையை வைத்து ஒரு குதி குதித்தார். அடுத்த நொடி அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "கரகரப்பு தாளத்துல விழுது!" என்று கத்தினார். "எல்லாரும் கேளுங்க, கரகரப்பு தாளத்துல விழுது!"

அவ்வளவுதான். ஓஸ்மோ தோளில் ஒருவர், அவர் தோளில் இன்னொருவர் என்று வரிசை வளர்ந்தது. மடியில் இருந்த தட்டுகள் நாற்காலியில் கிடந்தன, நாற்காலிகள் தரையில் கிடந்தன. தட்டைக் கேட்கவே போவதில்லை என்ற செயலர் கோட்டைக் கழற்றிவிட்டுக் காலை உதறினார். கைத்தாங்கலாக வெளியே போனவர் சத்தம் கேட்டுக் கைத்தாங்கல் இல்லாமலே ஓடி வந்தார். நான் பிளேயர் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பாட்டுக்கு மனிதர்கள் ஆடுகிறார்கள். பயிற்சியில் வராத கண்ணீர் இப்போது தாரை தாரையாக வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மர்யுக்கா கட்டைவிரலை உயர்த்தி, பிரமாதம் என்று எனக்குச் சைகை காட்டினார்.

முதல் பக்கம் முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். யல்மாரி மேடைக்கு ஓடினார். அவரும் ஆடியிருக்கிறார் என்பது சட்டை வெளியே வந்திருந்ததில் தெரிந்தது.

"நண்பர்களே!" என்றார் மூச்சிரைக்க. "சரித்திரம் நடந்திருக்கிறது. கலேவி ஒட்சோலாவின் தட்டுக்குள் இன்னொரு தட்டு ஒளிந்திருக்கிறது. அதற்குள் ஒரு பெண் பாடுகிறாள். கலேவிக்காவது ஒரு பெயர் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. இவளைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. மறதியில் இது முழு மதிப்பெண்ணையும் தாண்டுகிறது! நிலையத்தின் அடுத்த பத்து வருட உழைப்பு இந்தப் பெண்ணைத் தேடுவதுதான்."

"நான்தான் அது," என்று கையைத் தூக்கினேன்.

"கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்," என்றார்.

"கேள்வி இல்லய்யா, பதில்!"

மர்யுக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"இத நீங்க எப்படித்தான் தாங்கிக்கறீங்களோ கெர்த்து."

"எத?"

"உங்க வீட்டுக்காரரோட தட்டுக்குள்ள இன்னொரு பொண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா?"

இதைக் கேட்ட லெம்பி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியவில்லை அவளால். "அவ மட்டும் கையில கெடச்சான்னா, முடியப் பிடிச்சு ஆட்டிடு கெர்த்து!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மேடையில் யல்மாரி குரலைக் கனமாக்கிக்கொண்டார். "அநேகமாக அவள் இப்போது உயிரோடு இல்லை. எங்கோ, யாரும் இல்லாத ஓர் இடத்தில், பனியில்... அது ஆய்வில் தெரியவரும். அந்த அபாக்கியவதிக்காக நாம் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

முந்நூறு பேரும் தலை குனிந்து நின்றார்கள். வேர்த்து வழிய, சட்டை கசங்க, எனக்காக. எனக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறதே என்று தோன்றியது.

கையுறைகளைக் கழற்றிப் போட்டேன். தட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைத்தேன். 'மாமியாரின் சைக்கிள்' மணியடித்துக்கொண்டு கிளம்பியது.

யல்மாரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கால் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நிமிஷம் ஆகலியே!" என்றார்.

"பரவால்ல, அவ கோவிச்சுக்க மாட்டா," என்று சொல்லி, முக்காட்டைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு, அவர் தோளில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.